ஆறாம் மாதக் கடிதம்

வட்டார ஆறுதல் குழு
இரண்டாவது கடிதம் (ஆறாம் மாதம்)
ஜூன் 11

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

தங்கள் அன்புக் கணவர் நம்மைவிட்டுப் பிரிந்து ஆறு மாதங்கள் நிறைவடையும் இவ்வேளையில், எங்கள் குழு தங்களையும் தங்கள் குடும்பத்தாரையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறது. காலம் எல்லாக் காயங்களையும் ஆற்றும். தேவன் தவறு செய்யாதவர். சோர்ந்துபோகாமல் சபைக் காரியங்களில் தங்களை ஈடுபடுத்திக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். ஆறுதல் வசன அட்டை ஒன்று இணைக்கப்பட்டுள்ளது.

ஏதேனும் உதவி தேவைப்பட்டால் செயலாளரை அணுகவும்.

ஊழியத்தில் தங்கள்,
(கையொப்பம்)
செயலாளர்


ஜூன் 15

அன்புள்ள அண்ணா,

'அன்புள்ள' என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அடித்தால் தாள் அசிங்கமாகும் என்பதால் விட்டுவைக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. உன் கடிதம் என்றுதான் சொல்ல வேண்டும். அடியில் இருப்பது உன் கையெழுத்து. கடைசி எழுத்தை வால் மாதிரி இழுத்து, அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. என் ஆறாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் அப்பாவுக்குத் தெரியாமல் அப்பாவுக்காக நீ போட்ட அதே கையெழுத்து. கூடப் பிறந்த தங்கைக்கு 'தங்கள் குடும்பத்தாரையும்' என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் குடும்பத்தாரில் நீயும் ஒருத்தன் என்பது உனக்கு ஞாபகம் வந்ததா?

செயலாளரை அணுகவும் என்று போட்டிருக்கிறது. அணுகுகிறேன். செயலாளர் அவர்களே, என் அண்ணன் ஆறு மாதமாக என் வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை. அடக்கத்துக்கு வந்தார். நாற்காலி போதுமா, வேன் வந்ததா, மைக் வேலை செய்கிறதா என்று ஓடி ஓடிப் பார்த்தார். என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. போன் செய்தால் அண்ணி எடுத்து, "இப்பதாம்மா வெளிய போனாரு" என்கிறார். பின்னாலேயே அவர் இருமுகிற சத்தம் கேட்கிறது. பாவம், அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். ஒட்டிய உறையைப் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது, பள்ளிக்கூடக் குமாஸ்தா புத்தி.

கண்ணாடிக் கடை ஓடுகிறது. முன்னால் நின்று கண் பார்த்து நம்பர் எழுதுவதும் நான்தான், பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் ஓரம் அரைத்து ஃபிரேமில் பொருத்துவதும் நான்தான். முன்பு பின்னறை என் வீட்டுக்காரருடையது. இப்போது ஆள் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வருகிறேன். வருகிறவர்களும் சும்மா போவதில்லை. எழுத்து அட்டையில் மூன்றாவது வரியைப் படிக்க முடியாதவர்கூட என் முகத்தைப் பார்த்து, "நீங்க ரொம்ப தைரியமா இருக்கீங்க" என்கிறார். எதைப் பார்த்தாரோ.

தேவன் தவறு செய்யாதவர் என்று எழுதியிருக்கிறாய். அவர் செய்தார் என்று நான் சொன்னேனா? கேட்காத கேள்விக்கெல்லாம் உங்கள் குழுவிடம் பதில் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். வா. வந்து அரை மணி நேரம் உட்கார். அட்டை எதுவும் கொண்டுவராதே.

உன் தங்கை


ஜூன் 28

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் கிடைத்தது. நடந்தது தவறுதான். மறைக்க விரும்பவில்லை.

எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு துக்கம் நடந்தால் முதல் வாரம் நேரில் சந்திப்பு, மூன்றாம் மாதம் ஒரு கடிதம், ஆறாம் மாதம் இன்னொரு கடிதம் என்று நான்தான் ஒழுங்கு வகுத்தேன். முன்பெல்லாம் முதல் வாரத்தோடு எல்லாரும் மறந்துவிடுவார்கள். தட்டச்சு செய்யும் பெண் அடக்கப் பதிவேட்டைப் பார்த்து முகவரிகளை எடுக்கிறாள். நான் பள்ளியில் காலை மணி அடித்து முதல் இடைவேளைக்குள் நாற்பது கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். மூன்றாம் மாதக் கடிதம் உனக்குப் போகாமல் நானே எடுத்துவிட்டேன். ஆறாம் மாதத்தில் கவனம் தப்பிவிட்டது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது என் தொழிலுக்கே இழுக்கு.

வராததற்குக் காரணம் சொன்னால் கோபப்படுவாய். பள்ளியில் ஆய்வு. அது முடிந்தால் சேர்க்கை. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வாசலில் வரிசை. அண்ணிக்கு முழங்கால் வலி வேறு. எல்லாம் ஓய்ந்ததும் கட்டாயம் வருகிறேன்.

ஒரு காரியம். உன் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிற டீச்சரின் மகன் சாலை விபத்தில் இறந்துவிட்டதாக அறிந்தேன். ஒரே பிள்ளையாம். அவர் நம் சபை இல்லை. ஆனாலும் அந்தப் பையன் ஒரு காலத்தில் நம் வாலிபர் கூட்டத்துக்கு வந்திருக்கிறான். எனவே நம் குழுவிலிருந்து நான்கு பேர் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வருகிறார்கள். படி எந்தப் பக்கம் என்று காட்டிவிடு. முடிந்தால் நீயும் கூடப் போ. துக்கத்தில் இருந்தவர் சொன்னால் எடுபடும்.

கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

அண்ணன்


ஜூலை 10

அண்ணா,

உன் நான்கு பேர் வந்தார்கள். நான்கு மணி என்றால் நான்கு மணி, அதில் குறை சொல்ல முடியாது. படியைக் காட்டினேன். உங்கள் பொருளாளர் ஏறுவதற்கு முன்பே தன் கண்ணாடியைக் கழற்றி, "இதுல ஸ்க்ரூ லூசா இருக்கு, இறங்கி வரதுக்குள்ள பார்த்து வைங்கம்மா" என்று என் கையில் கொடுத்தார். துக்க வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு வேலையும் முடிந்தது.

நானும் கூடப் போனேன். போயிருக்கக் கூடாது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மகனின் ஹெல்மெட். அதில் ஒரு கீறல்கூட இல்லை, அன்றைக்கு அதை மாட்டாமல் போயிருக்கிறான். ஒரு பாட்டு, ஒரு ஜெபம். அதோடு எழுந்திருந்தால் பிழைத்திருப்போம். உங்கள் ஆட்களில் தலை நரைத்தவர், "இதுலயும் ஒரு திட்டம் இருக்கும்மா, இப்ப புரியாது" என்றார். கூட வந்த அம்மா, "இன்னும் மோசமா ஏதாவது நடக்காம கர்த்தர் காப்பாத்தினாருன்னு நினைச்சுக்கோங்க" என்றார். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதைவிட மோசமா என்ன நடக்கணும்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

பொருளாளர் வசன அட்டையை எடுத்து நீட்டினார். டீச்சர் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் வகுப்பில் நின்றவர், ஒரு வார்த்தை பேசாமலேயே எங்கள் ஐந்து பேரையும் வெளியே அனுப்பிவிட்டார். படியில் இறங்கும்போது நரைத்தவர், "இருதயம் கடினப்பட்டிருக்கு, ஜெபிப்போம்" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்குப் பொருளாளரின் கண்ணாடியை அங்கேயே உடைத்திருப்பேன். ஸ்க்ரூ போட்டுத்தான் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாக மேலே போனேன். கதவைத் தட்டி, "டீச்சர், நான் கீழ் கண்ணாடிக் கடை. எதுவும் சொல்ல வரல. உட்கார்ந்துட்டுப் போறேன்" என்றேன். ரொம்ப நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் அவரே கேட்டார். "உங்க வீட்டுக்காரரும் போயிட்டார். நீங்க இன்னும் அங்க போறீங்க. உங்க சாமி ஏன் இப்படிப் பண்ணுது?"

"எனக்கும் தெரியாது டீச்சர். நானும் கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றேன்.

"பதில் வந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

இதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை, அவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் போய் நான்கு மாதம் எனக்கு ஜெபம் வரவில்லை. கோயிலில் கடைசி பெஞ்சில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவேன். ஒரு நாள் பின்னறையில் லென்ஸ் அரைத்துக்கொண்டே ஆண்டவரை வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. அரை மணி நேரம் திட்டியிருப்பேன். நடுவில் ஒன்று உறைத்தது. ஆள் இல்லாத வீட்டு வாசலில் நின்று யாரும் இவ்வளவு நேரம் சண்டை போடமாட்டார்கள். உள்ளே அவர் இருக்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது, அதனால்தான் கத்துகிறேன். அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டு அழுதேன். ஏன் என்ற கேள்வி அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த அறையில் நான் தனியாக இல்லை. அதுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல், அண்ணா. அதை அட்டையில் அச்சடிக்க முடியாது.

டீச்சர் கேட்டுவிட்டு, "எனக்கு அதெல்லாம் தோணல" என்றார். சரி என்றேன். "நாளைக்கும் வருவீங்களா?" என்றார். தினமும் போகிறேன்.

சிலுவைக்கு முந்தின இரவு தோட்டத்தில் ஆண்டவர் வேர்த்து விறுவிறுத்துத் துக்கப்பட்ட நேரத்தில் சிநேகிதர்களிடம் அவர் கேட்டது என்ன? கொஞ்ச நேரம் கூட இருங்கள், தூங்கிவிடாதீர்கள். அவ்வளவுதான். உங்கள் குழு அங்கே இருந்திருந்தால் தூங்கியிருக்காது, உண்மை. ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆய்வும் இல்லை, சேர்க்கையும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், பார்வையாளர் நேரத்தில் வந்தாய். அவர் தலையில் கை வைத்து, வார்டே கேட்க, "கர்த்தர் எனக்குக் காட்டிட்டார். இவர் எழுந்து நடப்பார். அழாத பாப்பா" என்று சொன்னாய். பக்கத்துக் கட்டில்காரர்கூட ஆமென் என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்கிறவன் இல்லை, அதனால் அப்படியே நம்பினேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவர் மூக்கிலிருந்த மாஸ்க்கைத் தானே நகர்த்திவிட்டு, "ஒண்ணு சொல்லணும்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் வாயைப் பொத்தினேன். "ஒண்ணும் சொல்ல வேண்டாம். அண்ணா சொன்னதைக் கேட்டீங்கல்ல? வீட்டுக்கு வந்து சொல்லுங்க" என்றேன். சிரித்தார். மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டார்.

ஏழு மாதமாக அந்த 'ஒண்ணு' என்ன என்று யோசிக்கிறேன். பீரோ சாவி எங்கே என்பதாகக்கூட இருக்கலாம். சாவியாகவே இருக்கட்டும், அதை அவர் வாயால் நான் கேட்டிருக்க வேண்டும். இதற்கு நீ என்ன சொல்லப்போகிறாய்?

தங்கை


ஆகஸ்ட் 2

அண்ணா,

மூன்று வாரம் ஆகிவிட்டது. நான் எழுதியது கிடைத்ததா, இல்லையா? கிடைத்தது என்று தெரியும். தபால்காரர் நம் இருவரையும்விட ஒழுங்கானவர். நாற்பது பேருக்குக் கையெழுத்துப் போடுகிற கைக்கு ஒரு தாள் எழுத முடியவில்லையா? திட்டியாவது எழுது.

தங்கை


ஆகஸ்ட் 19

பாப்பா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பள்ளியில் எந்தக் கடிதத்துக்கும் மாதிரி ஒன்று கோப்பில் இருக்கும், பார்த்து எழுதிவிடுவேன். இதற்கு மாதிரி இல்லை. வருகிறபடி எழுதுகிறேன்.

யாரும் எனக்கு எதையும் காட்டவில்லை.

அன்றைக்கு வார்டுக்குள் வரும்போதே டாக்டர் தாழ்வாரத்தில் என்னைத் தனியாக அழைத்து, நுரையீரல் கைவிட்டுவிட்டது, அதிகம் போனால் ஒரு வாரம் என்று சொல்லிவிட்டார். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் உள்ளே வந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். பதினோரு வயதில் நீ படியில் விழுந்து பல் உடைந்தபோது இருந்த முகம். அன்றைக்கும் வாயெல்லாம் ரத்தமாக நின்றவளிடம் "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல" என்றுதான் சொன்னேன். இப்போதும் அதேதான் வாயில் வந்தது. வெறுமனே சொன்னால் நம்பமாட்டாய் என்று கர்த்தர் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். அவர் சொல்லாததற்கு அவர் பெயரில் நான் கையெழுத்துப் போட்டேன். சொன்ன அந்த நிமிடம் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எவ்வளவு கேவலம் பார்.

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்தார் என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அதை நான்தான் தடுத்தேன். உன் கையால் தடுத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடக்கத்தன்று உன் பக்கத்தில் வர எனக்குத் தைரியம் வரவில்லை. நாற்காலி எண்ணுகிறவனை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதற்குப் பிறகு குழு வேலையை இரண்டு மடங்கு செய்தேன். போன மாதம் மட்டும் பதினேழு வீடு. ஊரார் வீட்டில் உட்கார்ந்து வாய் வலிக்க ஆறுதல் சொல்கிறேன், நல்லபடியாக வருகிறது. அழுகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், "உங்க வார்த்தை ரொம்ப தெம்பா இருந்துச்சு" என்கிறார்கள். வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டால் ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. எழுந்துவிடுகிறேன். நீ ஆண்டவரைத் திட்டினாய். எனக்குத் திட்டவும் வழியில்லை, தப்பு என் பக்கம்.

உன் கடிதம் கிடைத்த வாரமே பாஸ்டரிடம் ராஜினாமா கொடுத்தேன். "அனுபவசாலி, நீங்களே விலகினா எப்படி?" என்று அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போன ஞாயிறு அறிவிப்பில் சொல்கிறார், புதியவர்களுக்கு ஆறுதல் ஊழியப் பயிற்சி வகுப்பு, நடத்துபவர் நம் செயலாளர். கை தட்டினார்கள். காரணத்தைச் சொல்லலாம் என்று எழுந்தேன், சாட்சி சொல்லப் போகிறேன் என்று நினைத்து மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நம் சபையில் ஒரு மனிதன் விழுந்துகிடக்கிறான் என்பதைத் தெரியப்படுத்த ஒரு வழியும் இல்லை, பாப்பா. அண்ணிக்கு மட்டும் சொன்னேன். அவள் எனக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

மாப்பிள்ளை இருந்தவரை, நான் உன் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் என் மூக்குக்கண்ணாடியை உருவிக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவார். காம்பை நிமிர்த்தித் துடைத்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, "இப்பதான் மனுஷன் மாதிரி இருக்கீங்க மச்சான்" என்பார். இப்போது கோணலாகத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறேன். வேறு கடையில் கொடுக்க மனம் வரவில்லை.

மன்னித்துவிடு என்று கேட்கிறேன். கேட்கிற யோக்கியதை இல்லாமல்தான் கேட்கிறேன். நேரில் வரச் சொல்லாதே. வந்தால் என்ன பேசுவது? முடியாவிட்டால் பதில் எழுத வேண்டாம், புரிந்துகொள்கிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 23

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததும் மெஷினைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நான்கு லென்ஸ் அரைத்தேன், இரண்டை வீணாக்கினேன். அவ்வளவு கோபம். டாக்டர் ஒரு வாரம் என்று சொன்னது எனக்குத் தெரிந்திருந்தால் மிச்சமிருந்த அந்த மூன்று நாளும் அவர் பேசியிருப்பார், நான் கேட்டிருப்பேன். நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அதுதான். இதை நான் லேசாக விடப்போவதில்லை. நல்லெண்ணத்தில்தானே செய்தாய் என்று யாராவது சொன்னால் அவர்கள் முகத்திலேயே கதவைச் சாத்துவேன்.

மத்தியானம் வழக்கம்போல மேலே போனேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நீங்க பேசுங்க, நான் உட்கார்றேன்" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. நீ எத்தனை வீடு போனாய் என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"பதினேழு வீட்டுக்கு அவர் போயிருக்காரு. அவர் வீட்டுக்கு யாரு போனா?"

யாரும் போகவில்லை என்றேன். நான் உட்பட. இத்தனை மாதமாக நீ வரவில்லை என்று குறைப்பட்டு வா, வா என்று கூப்பிட்டவள், ஒரு நாள் பஸ் ஏறி வந்து அந்த இருமல் சத்தத்தின் பக்கத்தில் நின்றிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. துக்கம் என் வீட்டில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "ஞாயித்துக்கிழமை பஸ் இருக்கா? நானும் வர்றேன்" என்றார். மகன் போன பிறகு அவர் அந்தப் படியைவிட்டு இறங்கியதே இல்லை, அண்ணா. "எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது, ஆனா உட்காரத் தெரியும்" என்கிறார். உன் குழுவை வெளியே அனுப்பியவர், உன் வீட்டுக்கு வருகிறார்.

அதனால் நாங்கள் இருவரும் வருகிறோம். அண்ணியிடம் மட்டும் சொல், வேறு யாருக்கும் அறிவிப்பு வேண்டாம். என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறாய். எதுவும் பேசாதே. கொஞ்ச நேரம் கழித்து நான் ஜெபிக்கிறேன், ஆண்டவர் முன்னால் உன் வழக்கையும் என் வழக்கையும் சேர்த்து வைக்கிறேன். நீ முழங்கால் போட வேண்டாம், நாற்காலியிலேயே இரு.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன், ஏனென்றால் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த வேலையை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் என்னால் செய்ய முடியும், தபாலில் முடியாது. ஒரு நாளில் முடியுமா என்றும் தெரியாது. முடியாவிட்டால் அடுத்த ஞாயிறும் வருவேன்.

பதினொன்றரை மணி பஸ். வீட்டில் இரு.

உன் தங்கை